திருவனந்தபுரத்துக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே வானத்தில் எத்தனை கிலோமீட்டர்?

நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு விமானம் ஏற இரண்டு திசை. மேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி வாகைக்குளம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போவதுதான் வழக்கம். வாகைக்குளத்தில் ஓடுபாதையை 1,350 மீட்டரில் இருந்து 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்த பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும். அத்தானுக்குத் துபாயில் வேலை. ஒருநாள் அக்கா அதையே பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அவள் மகள் கேட்டாள்: "மாமா, இந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேரா பறந்தா எவ்வளவு தூரம்?"

ஃபோனில் வழி கேட்டால் சாலைத் தூரத்தைத்தான் சொல்லியது. நான் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவன். கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, ஓம் (மின்தடை) பார்த்து, திரும்பவும் அளந்துதான் எனக்குப் பழக்கம். "கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாம் மக்களே, நாமே அளப்போம்" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வேலை, மூன்று ஞாயிறு ஓடியது.

முதலில் அவள் எடுத்து வந்தது பள்ளிக்கூடத்து உலக உருண்டை. விட்டம் 30 செ.மீ. பூமியின் விட்டம் ஏறக்குறைய 12,742 கி.மீ. என்பதால், அந்த உருண்டையில் 1 செ.மீ. என்பது 425 கி.மீ. திருவனந்தபுரமும் தூத்துக்குடியும் அதில் ஒரே புள்ளியாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. நூல் வைத்து அளக்க இடமே இல்லை. ஆனால் அந்த உருண்டை வேறொன்றுக்கு உதவியது. தீர்க்கரேகைகள் நடுவில் அகன்று, மேலும் கீழும் போகப்போக நெருங்கி, துருவத்தில் ஒன்றாகச் சேர்வதை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். சாத்துக்குடிச் சுளை மாதிரிதான். பிற்பாடு கணக்கில் வரும் ஒரு பெருக்கலுக்குக் காரணம் இதுதான் என்று அப்போதே சொல்லி வைத்தேன்.

அடுத்து இரண்டு நிலையங்களுக்கும் இருப்பிடக் குறியீடு தேவை. எந்த விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாக ஒரே ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருப்பார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டவை இவை:

திருவனந்தபுரம்: வடக்கு 8° 28′ 56″, கிழக்கு 76° 55′ 12″
தூத்துக்குடி: வடக்கு 8° 43′ 27″, கிழக்கு 78° 01′ 33″

கடையில் சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று உண்டு. அவசரத்தில் 8.2856, 76.5512, 8.4327, 78.0133 என்று அடித்துக் கணக்குப் போட்டேன். 162 கி.மீ. வந்தது. பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் 71 கி.மீ., அங்கிருந்து திருநெல்வேலிக்கு 74 கி.மீ., அதற்கு மேல் வாகைக்குளத்துக்கு ஒரு முப்பது. வளைந்து போகிற தரைவழி 175 வருகிறது என்றால், நேர்வழி 162 இருக்கலாமே.

ஆனால் ஒரே அளவை வைத்து முடிவு கட்டுவது என் தொழிலில் கிடையாது. மூன்று ஃபேஸுக்கும் ஓம் ஒன்றாக வந்தால்தான் மோட்டாரை மூடுவேன். அதனால் வேறு வழியிலும் அளந்துவிட முடிவு செய்தோம்.

வீட்டில் பழைய தமிழ்நாடு வரைபடம் ஒன்று இருந்தது. 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்ற அளவு. மடித்து மடித்து மடிப்பில் காகிதம் தேய்ந்திருந்தது. இப்படிப்பட்ட வரைபடத்தை நம்புவதற்கு முன்னால் அதையே சோதிக்க வேண்டும். 8 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் நடுவே ஸ்கேல் வைத்தோம். நம் பக்கம் ஒரு அட்சரேகை டிகிரி என்பது 110.6 கி.மீ. ஆக, 11.06 செ.மீ. இருக்க வேண்டும். 11.1 இருந்தது. காகிதம் இழுபடவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

திருவனந்தபுரம் கடற்கரையோரம் ஒரு புள்ளி, வாகைக்குளத்தில் ஒரு புள்ளி. ஸ்கேலை வைத்தால் 12.4 செ.மீ., அதாவது 124 கி.மீ.

இரண்டு விடைக்கும் நடுவே 38 கி.மீ. வித்தியாசம். "எது தப்பு மாமா?" என்று கேட்டவளிடம் நாகர்கோவிலுக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் நிலையத்துக்கு 6.5 செ.மீ., வாகைக்குளத்துக்கு 8.9 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 154 கி.மீ. கொஞ்ச நேரம் முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சட்டென்று சொன்னாள்: "நம்ம ஊரு வழியா சுத்திப் போனாலே 154 தானே, நேரா போனா எப்படி 162 வரும்?" முக்கோணத்தின் ஒரு பக்கம் மற்ற இரண்டு பக்கத்தின் கூட்டலைவிட நீளமாக இருக்கவே முடியாது என்பதை அவள் வகுப்பில் படித்திருக்கிறாள். அதைக் கொண்டு ஒரு உண்மையான பிழையை அவளே பிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிழை எங்கே என்று தேட ஒரு மணி நேரம் ஆனது. 8° 28′ 56″ என்பது 8.2856 டிகிரி கிடையாது. கடிகாரத்தில் எட்டரை மணியை யாரும் 8.30 மணி நேரம் என்று கணக்குப் போடுவதில்லை, அது 8.5. இங்கும் அதே கதைதான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. 28-ஐ 60-ஆல் வகுத்து, 56-ஐ 3,600-ஆல் வகுத்து, 8-உடன் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் கிடைப்பவை:

திருவனந்தபுரம்: 8.48222, 76.92000
தூத்துக்குடி: 8.72417, 78.02583

இந்தத் தவறு ஆபத்தானது, ஏனென்றால் தவறான எண்ணும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கிறது. 8.2856-ஐப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. இன்னொரு தவறும் நடந்தது, ஆனால் அது தானே காட்டிக்கொடுத்துவிட்டது. கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறொரு கோண அளவு முறையில் இருந்ததால் கொசைன் 8.6 என்று அடித்ததும் மைனஸ் 0.678 வந்தது. சிறிய கோணத்துக்குக் கொசைன் ஒன்றை ஒட்டித்தான் இருக்க வேண்டும். டிகிரிக்கு மாற்றியதும் 0.98876 என்று வந்து நின்றது.

இனி கணக்கு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வழி கடல் மைல் வழி. பூமியில் அட்சரேகை ஒரு நிமிடம் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு கடல் மைல். கடல் மைல் பிறந்ததே அப்படித்தான். 1929-ல் அதை 1,852 மீட்டர் என்று நிலையாக வைத்தார்கள். கப்பல்காரர்களும் விமானிகளும் இன்னும் அதை விடாமல் வைத்திருப்பதன் காரணம் இந்த வசதிதான். கோணமே தூரமாகிவிடுகிறது.

இரண்டு நிலையங்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 14 நிமிடம் 31 விநாடி, அதாவது 14.52 நிமிடம். வடக்கே 14.52 கடல் மைல், அவ்வளவுதான். தீர்க்கரேகை வித்தியாசம் 1 டிகிரி 6 நிமிடம் 21 விநாடி, அதாவது 66.35 நிமிடம். இதை அப்படியே எடுக்கக் கூடாது. சாத்துக்குடிச் சுளை இங்கேதான் வருகிறது. நிலநடுக்கோட்டை விட்டு மேலே வர வர தீர்க்கரேகைகள் நெருங்குவதால், நடு அட்சரேகையான 8.6 டிகிரியின் கொசைனால் பெருக்க வேண்டும். 66.35-ஐ 0.98876-ஆல் பெருக்கினால் கிழக்கே 65.60 கடல் மைல். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சுருக்கம் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. காஷ்மீரில் என்றால் இந்தப் பெருக்கலை மறந்தவருக்குத் தூரம் எங்கேயோ போய்விடும்.

மிச்சம் பிதாகரஸ். 14.52-ன் வர்க்கம் 210.8, 65.60-ன் வர்க்கம் 4,303.4, கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 67.19 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 124.4 கி.மீ. வரைபடத்தில் ஸ்கேல் சொன்னது 124. பிள்ளை கைதட்டினாள்.

பூமி உருண்டை என்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கும் ஹேவர்சைன் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்தோம். அட்சரேகை வித்தியாசத்தில் பாதிக்கு சைன் எடுத்து வர்க்கம். தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதிக்கும் அப்படியே சைன் வர்க்கம் எடுத்து, அதை இரண்டு ஊரின் அட்சரேகைக் கொசைன்களாலும் பெருக்குவது. இரண்டையும் கூட்டினால் எங்களுக்கு 0.0000955 வந்தது. அதன் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் சைனை ரேடியனில் எடுத்து, இரட்டிப்பாக்கி, பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.யால் பெருக்கினால் 124.5 கி.மீ. இவ்வளவு குறுகிய தூரத்துக்கு பிதாகரஸே போதும் என்பது தெரிந்தது.

மூன்றாவது சோதனை குளச்சலில். அங்கே விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் மோட்டாரை நான்தான் கட்டிக்கொடுப்பேன். அவர் படகில் இருக்கும் ஜிபிஎஸ், இரண்டு பாயிண்ட் கொடுத்தால் நடுவே எத்தனை கடல் மைல், எந்தத் திசை என்று உடனே சொல்லும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டில் எழுதிக் கொண்டுபோன எண்களைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்தினார். "தம்பி, பொறு. இதுல விநாடி கிடையாது. நிமிஷத்துக்குப் புள்ளி வெச்சுதான் அடிக்கணும்."

அதாவது மூன்றாவது ஒரு எழுத்துமுறை. டிகிரி தனியாக, நிமிடம் தசமத்தில். 28′ 56″ என்பது அங்கே 28.933 நிமிடம். நான் 28.56 என்று அடித்திருந்தால் கிட்டத்தட்ட 700 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். "கடல்ல இது சின்ன விஷயம் இல்ல" என்றார். அவருடைய அப்பா காலத்தில் மலை முகடுகளை ஒன்றோடு ஒன்று நேர் சேர்த்து, மீன் படும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவர் ஜிபிஎஸ்ஸில் பதிந்த ஒவ்வொரு பாயிண்டையும் ஒரு நீளநோட்டிலும் எழுதி வைக்கிறார். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அந்த நோட்டின் ஒரு நகல் கரையில் வீட்டிலும் இருக்கிறதாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அந்த நோட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன். ஒரு எண்ணை எழுதும்போது எந்த முறையில் எழுதியது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்.

எண்களை மாற்றி அடித்தோம்:

வடக்கு 08° 28.933′, கிழக்கு 076° 55.200′
வடக்கு 08° 43.450′, கிழக்கு 078° 01.550′

திரையில் 67.3 கடல் மைல், திசை 78 டிகிரி. கிலோமீட்டரில் 124.6.

எங்கள் 67.19-க்கும் ஜிபிஎஸ்ஸின் 67.3-க்கும் நடுவே இருக்கும் அந்த 200 மீட்டர் எதனால் என்று பிள்ளை விடவில்லை. இதற்கும் பதில் உண்டு. பூமி சரியான உருண்டை கிடையாது. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவத்து ஆரம் 6,357 கி.மீ. இடுப்பில் 21 கி.மீ. பருத்திருக்கிறது. நாம் அந்த இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அளந்த கோடும் பெரும்பாலும் கிழக்கு மேற்காகப் போகிறது. அதனால் சராசரி ஆரத்தை வைத்துப் போட்ட கணக்கு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஜிபிஎஸ் இந்தப் பருமனைக் கணக்கில் வைத்திருக்கிறது. மேல் சொன்ன கணக்கில் ஒரு தீர்க்கரேகை டிகிரிக்கு 110.08 கி.மீ., ஒரு அட்சரேகை டிகிரிக்கு 110.6 கி.மீ. என்று போட்டால் கையாலேயே 124.6 வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அதையும் போட்டுப் பார்த்தோம், வந்தது.

ஃபோன் வரைபடத்தில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தும் பார்க்கலாம். அதுவும் 124-ஐ ஒட்டித்தான் காட்டும். ஆனால் விரலை ஓடுபாதையின் எந்த முனையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஏறி இறங்கும். திருவனந்தபுரத்து ஓடுபாதையே ஏறக்குறைய 3.4 கி.மீ. நீளம். ஆகவே நான் கடைசியில் எழுதி வைத்த விடை 124.6 என்றாலும், யாராவது கேட்டால் 125 என்றுதான் சொல்வேன். ஓடுபாதை நீண்டால் அதன் நடுவும் நகரும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் அந்த ஒரு குறிப்புப் புள்ளிக்கு மட்டும்தான் பொருந்தும்.

வரைபடத்தில் பென்சிலால் அந்தக் கோட்டை இழுத்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. திருவனந்தபுரத்தில் கிளம்பி, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைக்குக் கொஞ்சம் தெற்கே மலையைக் கடந்து, களக்காடு முண்டந்துறைக் காட்டின் மேலே போய், பாளையங்கோட்டைக்குத் தெற்கே இறங்கி வாகைக்குளம் சேர்கிறது. நாகர்கோவிலுக்கு நேர் வடக்கே ஏறக்குறைய 46 கி.மீ. தள்ளி. தரையில் போகிறவர்கள் ஏன் இவ்வளவு சுற்றுகிறோம் என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வால் நடுவில் கிடக்கிறது. அதன் முனையைச் சுற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே நுழைந்துதான் ரயிலும் பேருந்தும் திருநெல்வேலிச் சீமைக்குள் போகின்றன. சாலைக்காக அந்த வளைவுகளில் தங்கூசியை (மீன் தூண்டில் நைலான் நூல்) படுக்கவைத்து அளந்தோம். 17 செ.மீ.க்கு மேல் வந்தது. சிறு வளைவுகள் அந்த அளவு வரைபடத்தில் தெரியாது என்பதால் உண்மையான சாலை இன்னும் நீளம்தான்.

விமானமும் இந்தப் பென்சில் கோட்டிலேயே பறந்துவிடாது, அதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஓடுபாதையின் எண்ணே அதன் திசை. காந்தத் திசையைப் பத்தால் வகுத்து எழுதியிருப்பார்கள். திருவனந்தபுரத்தில் 14, 32. அதாவது 140 டிகிரி அல்லது 320 டிகிரி. வாகைக்குளம் இருப்பதோ 78 டிகிரியில். 32-ல் எழும்பினால் போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடமேற்கே கிளம்பி, அப்புறம்தான் சுற்றித் திரும்ப வேண்டும். வாகைக்குளத்து ஓடுபாதை 10, 28. அதன் நேருக்கு வந்து இறங்கவும் கொஞ்சம் தூரம் வேண்டும். இதற்கு நடுவே மலைக்கு மேல் போதுமான உயரம் பிடிக்க வேண்டும், கட்டுப்பாட்டு நிலையம் சொல்லும் வழியிலும் போக வேண்டும். 125 கி.மீ. மாதிரி குறுகிய தூரத்தில் இந்தச் சுற்றல்கள் பெரிய பங்காகிவிடும். நீண்ட பயணத்தில் அவ்வளவு தெரியாது.

நீண்ட பயணம் என்றதும் அவள் கேட்டது எதை என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா வருகிற வழி. துபாய் நிலையத்துக்கு வடக்கு 25° 15′ 10″, கிழக்கு 55° 21′ 52″. இந்த முறை நான் கை வைக்கவில்லை. நிமிடத்தையும் விநாடியையும் அவளே வகுத்துக் கூட்டினாள், கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிதாகரஸ் வழியில் 2,954 கி.மீ. வந்தது. ஹேவர்சைனில் 2,947. இந்த 7 கி.மீ. வித்தியாசம் கணக்குப் பிழையோ என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். பிழை இல்லை. இவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு தன்னைக் காட்டுகிறது, தட்டையான முக்கோணம் இங்கே போதாது. உலக உருண்டையை எடுத்து, திருவனந்தபுரத்தில் இருந்து துபாய்க்குத் தங்கூசியை இழுத்துப் பிடித்தாள். இப்போது அளக்க இடம் இருந்தது. 6.9 செ.மீ. 425-ஆல் பெருக்கினால் 2,932.

அன்று ராத்திரி அத்தான் வீடியோவில் வந்தபோது, "அப்பா, நீங்க எங்ககிட்ட இருந்து ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கீங்க" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது திருவனந்தபுரத்துக்கு. நம்ம வீட்டுக்கு எவ்வளவு மக்களே?" என்று கேட்டார். அவள் வீட்டின் குறியீட்டை எடுக்க ஃபோனைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள்.